சாலைக்கு முதுகைக் காட்டும் கரை

மத்தியதரைக் கடலில் தனிப் படகு என்றதும் பலருக்கு ஒரே படம்தான் மனதில் வரும். வெள்ளைப் படகு, மேல்தளத்தில் மெத்தை, கையில் கண்ணாடிக் கோப்பை, சுற்றிலும் நீலம், அதை எடுக்க ஒரு போன். பணம் இருப்பவர்கள் பணம் இருப்பதைக் காட்டிக்கொள்ளும் வழி என்று அதை ஒதுக்கிவிடுவது எளிது. என் மனைவியின் அண்ணன், மச்சான், அப்படித்தான் எடுத்துக்கொண்டார். கோயம்புத்தூர் கணபதியில் சின்னதாக ஒரு ஃபவுண்டரி நடத்துகிறவர். பம்ப்செட்டுக்கான கன்மெட்டல் புஷ், இம்பெல்லர் வார்ப்பு. எந்தச் செலவையும் 'இதுல என்ன வரும்' என்று பார்த்துப் பழகியவர். ஸ்டுட்கார்ட்டில் எங்களோடு சில வாரம் இருக்க வந்தவரை, மகனின் ஜூன் மாத விடுமுறைக்குத் துருக்கியின் தென்கரைக்கு அழைத்துப் போயிருந்தோம். காஷ் என்ற சின்ன ஊர். அங்கே தனிப் படகு பேசப் போகிறேன் என்றதும் கேட்டார்: "ரோடே கடலை ஒட்டித்தானுங்க போகுது மாப்ளே. கார்ல உக்காந்து பாக்க முடியாததைப் போட்டுல போய் என்னத்தப் பாக்கப் போறோம்?"

நியாயமான கேள்வி. நியாயமானது என்பதால்தான் ஊர் திரும்பிய பிறகும் அது என்னை விடவில்லை. அன்று நான் சொன்ன பதில் ஏதோ சமாளிப்பு. சரியான பதிலை அப்புறம்தான் யோசித்து யோசித்துச் சேர்த்தேன். அதை எழுதி வைக்கலாம் என்றுதான் இது.

முதலில் அந்தச் சாலை. அன்தல்யாவிலிருந்து மேற்கே போகும் டி-400 நெடுஞ்சாலை உண்மையிலேயே அழகானது. கால்கானுக்கும் காஷுக்கும் நடுவில் கடலுக்கு நேர் மேலே, செங்குத்துப் பாறையை வெட்டிப் போட்ட சாலை. கப்புதாஷ் கடற்கரையை மேலிருந்து பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் காஷைத் தாண்டிக் கிழக்கே தெம்ரே நோக்கித் திரும்பியதும் சாலை கடலைக் கைவிட்டு மலைமேல் ஏறிவிடும். ஆடு மேய்க்கும் மேட்டு நிலங்கள், பசுமைக்குடில்கள், மறுபடி மலை. கடல் எங்கோ கீழே. உச்சாஸ் என்ற மீனவ கிராமத்துக்கு மட்டும் ஒரு கிளைச் சாலை இறங்கும். மற்றபடி அந்த நீளம் முழுவதும் கரையோரமாகக் கார் போக வழியே கிடையாது. கேட் க்ளோ என்ற ஆங்கிலேயப் பெண்மணி பழைய பாதைகளைத் தேடி இணைத்து, 1999-ல் லிசிய நடைபாதையைத் திறந்து வைத்தார். நடக்கத் தெம்பு இருப்பவர்களுக்கு அது உண்டு. இல்லாதவர்களுக்குப் படகு.

இன்னொன்றும் உண்டு. பழைய லிசியா தேசத்தின் இந்தக் கரை கடலிலிருந்து வருகிறவனை வரவேற்பதற்கென்றே கட்டப்பட்டது. எகிப்திலிருந்து ரோமுக்குத் தானியம் ஏற்றிப் போன கப்பல்கள் நேராக மேற்கே போக முடியாது, கோடையில் காற்று வடமேற்கிலிருந்து முகத்தில் அடிக்கும். அதனால் வடக்கே ஏறி இந்தக் கரையைப் பிடித்து, அப்புறம் ஓரமாகவே மேற்கே நகர்வார்கள். கைதியாக ரோமுக்குக் கொண்டு போகப்பட்ட பவுல், இந்தக் கரையிலிருந்த மிரா என்ற ஊரில் அலெக்சாந்திரியாக் கப்பலுக்கு மாற்றி ஏற்றப்பட்டதாக பைபிளில் வருவது அந்த வழக்கத்தால்தான். மிராவின் துறைமுகமான அந்திரியாகேயில் ஹேட்ரியன் பேரரசர் காலத்துத் தானியக் கிடங்கு இன்றும் நிற்கிறது, இப்போது அருங்காட்சியகமாக. மேற்கே பத்தாராவில் நீரோ காலத்தில் கட்டிய கலங்கரை விளக்கம். கல்லறைகள், படிகள், வாசல்கள் எல்லாம் கடலைப் பார்த்தே இருக்கின்றன. காரில் போகிறவன் இந்த ஊர்களுக்குக் கொல்லைப்புறமாகத்தான் வந்து சேர்கிறான்.

காற்றுக்கு முந்திக்கொள்வது

காஷ் துறைமுகத்தில் எல்லா வகைப் படகும் கிடைக்கும். நாற்பது ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு, பாட்டுப் போட்டு, குறித்த இடங்களில் குறித்த நேரம் நிறுத்தும் நாள்-சுற்றுப் படகுகள்தான் அதிகம். குறை சொல்ல மாட்டேன், மலிவு, குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் எங்கே நிற்பது என்பது போன வருஷமே முடிவாகியிருக்கும். நாங்கள் பேசியது மரத்தால் செய்த ஒரு பழைய சின்னப் படகு, டீசல் எஞ்சின், துணி விரித்த நிழல், ஒரு கேப்டன், அவருடைய தங்கை மகன் ஒருவன். கேப்டன் சின்ன வயதில் கொலோனில் சில வருஷம் இருந்தவர். அவருடைய ஜெர்மனும் என்னுடைய ஜெர்மனும் ஒரே அளவுக்கு ஓட்டை என்பதால் பேச்சு நன்றாகவே ஓடியது.

பாதி நீரில் மூழ்கிய ஊர் இருக்கும் கெகோவாத் தீவுக்குப் போக வேண்டும், நடுவில் அப்பெர்லாய் என்ற பழைய துறைமுக ஊரைப் பார்க்க வேண்டும் என்று என் பட்டியலைச் சொன்னேன். அவர் பட்டியலைக் கேட்டுக்கொண்டே துறைமுகச் சுவருக்கு மேலே மேற்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடியும்போது வந்துவிடுங்கள் என்றார். ஒன்பது மணிக்குக் கிளம்பலாமா என்று மனைவி கேட்டதற்கு, ஒன்பது மணிக்கு வேறு படகு பாருங்கள் என்று சிரிக்காமல் சொன்னார். மெல்தெம் காற்று. கோடையில் காலையில் சும்மா இருந்துவிட்டு, வெயில் ஏற ஏற மேற்கிலிருந்து எழுந்து, பிற்பகலில் கடலைக் கலக்கி, அந்தி சாயும்போது அடங்கும். அப்பெர்லாய் இருக்கும் விரிகுடா மேற்கே வாய் திறந்து கிடப்பது. காற்று வருவதற்குள் உள்ளே போய் வெளியே வந்துவிட வேண்டும், பிற்பகலைக் கெகோவாத் தீவின் மறைவில் கழிக்க வேண்டும், காற்று விழுந்த பிறகு வீடு திரும்ப வேண்டும். எங்கள் பட்டியலை அவர் மாற்றவில்லை, காற்றின் வரிசையில் அடுக்கினார், அவ்வளவுதான். தனிப் படகில் நாம் காசு கொடுப்பது இதற்குத்தான் என்பது என் கட்சி. மெத்தைக்கு இல்லை. இந்தக் கரையில் எது எந்த நேரத்தில் திறக்கும், எப்போது மூடும் என்று உடம்பிலேயே தெரிந்து வைத்திருக்கும் ஒரு ஆள், ஒரு நாள் முழுக்க நமக்காக யோசிக்கிறார்.

ஒன்றுமே இல்லாத இடம்

விடியற்காலையில் கிளம்பினோம். பின்னால் மெய்ஸ் தீவு கறுப்பாக, விளக்குகள் இன்னும் அணையாமல். இந்தக் கரையிலிருந்து கூப்பிடு தூரம் மாதிரி தெரிந்தாலும் அது கிரீஸ் நாடு. கடல் அசையவில்லை. மச்சான் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார், தொழில் அப்படி. கொஞ்ச நேரத்தில் கரையிலிருந்து ஒரு பெரிய பாறை முனை கடலுக்குள் நீட்டிக்கொண்டு வந்தது. கேப்டன் வேகத்தைக் குறைத்து, முனையைத் தாண்டாமல், அதற்குப் பக்கத்திலேயே படகை நிறுத்திவிட்டார்.

பார்க்க எதுவும் இல்லை. பலகை இல்லை, மிதவை இல்லை, கட்டடம் இல்லை. நீர்மட்டத்தில் கறுத்து, மேலே சாம்பலாகி, அதற்கும் மேலே செம்பழுப்பு ஏறிய செங்குத்துப் பாறை. இடுக்குகளில் புதர். ஆனால் அங்கே படகு மட்டும் சும்மா நிற்கவில்லை. வெளியே கடல் தட்டையாகக் கிடக்க, முனையின் காலடியில் மட்டும் நீர் குழம்பியது. பாறையில் மோதித் திரும்பும் அலை, வரும் அலையோடு முட்டிக்கொண்டு எந்தப் பக்கம் என்று இல்லாமல் தூக்கிப் போட்டது. கேப்டன் ஒரு கையைச் சுக்கான் கட்டையிலேயே வைத்துக்கொண்டு, எஞ்சினை அணைக்காமல், அவ்வப்போது லேசாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே பேசினார். இந்த இடம் உலுபுருன்.

நான் படித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பாறைக்குக் கீழே, அந்தக் குழப்பத்தில் ஆடிக்கொண்டு கேட்பது வேறு. 1982-ல் மெஹ்மெத் சக்கிர் என்ற பஞ்சு குளிப்பவர் இங்கே மூழ்கினார். நம் தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளித்தது போல அங்கே கடற்பஞ்சு குளித்தார்கள். மேலே வந்து தன் படகுக்காரரிடம், கீழே காது வைத்த உலோக பிஸ்கட்டுகள் கிடக்கின்றன என்றார். கடலடி ஆய்வாளர்கள் அதற்கு முன்பே பஞ்சு குளிப்பவர்களைத் தேடித் தேடிப் போய், பழைய செப்புக் கட்டிகளின் படத்தைக் காட்டி, இப்படி எதையாவது பார்த்தால் சொல்லுங்கள் என்று கேட்டு வைத்திருந்தார்கள். அதனால் அந்த விவரிப்பு சரியான காதுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. 1984-லிருந்து 1994 வரை, முதலில் ஜார்ஜ் பாஸ், பிறகு ஜெமால் புலாக் தலைமையில், அந்தப் பாறையில் குடிசை கட்டித் தங்கி, நாற்பது ஐம்பது மீட்டர் ஆழத்துக்கு மூழ்கி மூழ்கி வேலை செய்தார்கள். மொத்தம் 22,400 முறைக்கும் மேல். அந்த ஆழத்தில் ஒரு ஆள் ஒரு தடவைக்குச் சுமார் இருபது நிமிஷம்தான் இருக்க முடியும்.

கிடைத்தது 3,300 வருஷத்துக்கு முந்தைய ஒரு சரக்குக் கப்பல். பதினைந்து மீட்டர் சொச்சம் நீளம், லெபனான் தேவதாரு மரம். கேப்டன் மூச்சு விடாமல் அடுக்கினார், நான் மச்சானுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். நீலக் கண்ணாடிக் கட்டிகள். கருங்காலி மரத் துண்டுகள். யானைத் தந்தம், நீர்யானைப் பல். எகிப்து ராணி நெஃபர்டிட்டியின் பெயர் பொறித்த தங்க வண்டு உருவம். மாதுளம்பழம் வைத்த ஒரு பெரிய ஜாடி, அதற்குள்ளே இரண்டு பலகை சேர்த்து மடிக்கும் ஒரு மெழுகு ஏடு, எழுத்து இருந்த மெழுகு மட்டும் கரைந்து போய்விட்டது. மச்சான் மரியாதைக்கு உம் கொட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் கேப்டன் சொன்னார்: பத்து டன் தாமிரம், ஒரு டன் டின் (வெள்ளீயம்).

மச்சான் திரும்பி என்னைப் பார்த்தார். "எவ்ளோன்னாரு?" மறுபடி சொன்னேன். "காப்பர் பத்து, டின் ஒண்ணா? கரெக்டா கேளுங்க." கேட்டேன். கேப்டன் தலையை ஆட்டினார். மச்சான் துணி நிழலுக்குள்ளிருந்து எழுந்து வந்து, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாறையையே கொஞ்ச நேரம் பார்த்தார். "மாப்ளே, இது அள்ளிப் போட்டுட்டு வந்த சரக்கு இல்லீங்க. இது ஆர்டர். பத்துக்கு ஒண்ணுன்னா அது வெண்கலம் வார்க்கற கணக்கு. நம்ம கன்மெட்டல் என்னங்க, 88 காப்பர், 10 டின், 2 ஜிங்க். ஜிங்க்க விட்டுப் பாத்தா கிட்டத்தட்ட அதே கலவைதான். எங்கயோ ஒருத்தன் உலைய மூட்டறதுக்கு, இன்னது இவ்ளோ வேணும்னு எழுதிக் குடுத்து, அத இவன் அளந்து ஏத்தியிருக்கான்."

அதற்குப் பிறகு கேள்விகள் அவருடையவை. கட்டி ஒன்று என்ன எடை? சராசரி 24 கிலோ. எத்தனை? காது வைத்தவை மட்டும் சுமார் 350. காது எதற்கு, ரெண்டு பேர் தூக்கவா, கழுதை மேல கட்டவா? ஏற்றி இறக்கச் சுலபம் என்பதற்காக இருக்கலாம் என்கிறார்கள். காப்பர் எங்கே எடுத்தது? சைப்ரஸ். போய்க்கொண்டிருந்தது எங்கே? மேற்கே, ஏஜியன் கடல் பக்கம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. கேப்டன் முதல் தடவையாக எஞ்சினிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்துப் பதில் சொன்னார். நான் நடுவில் வெறும் குழாய். வார்ப்புத் தொழில் பற்றி இரண்டு பேரும் கையாலேயே நிறையப் பேசிக்கொண்டார்கள். கடைசியாக மச்சான் மெதுவாகச் சொன்னார்: "பதினோரு டன் வெண்கலம். அந்தப் பக்கம் எத்தன உலை காத்துக்கிட்டு இருந்திருக்கும், பாவம். சரக்கு வரலைன்னா எங்க போச்சுன்னு சொல்லறதுக்குக்கூட ஆளில்ல."

நான் எத்தனையோ கட்டுரைகளில் அந்தப் பத்து, ஒன்று என்ற எண்களைப் படித்துவிட்டுக் கடந்து போயிருக்கிறேன். அந்தக் கப்பலுக்குப் போகவேண்டிய ஒரு இடம் இருந்தது, அங்கே ஆட்கள் காத்திருந்தார்கள் என்று எனக்குத் தோன்றியதில்லை. தொழில் தெரிந்தவருக்கு அது ஒரு நொடியில் தெரிந்தது. அதற்கு அந்த முனையில், அந்தத் தண்ணீர் ஆட்டத்தில் நிற்க வேண்டியிருந்தது. பட்டியல் போட்டு ஓடும் எந்தப் படகும் அங்கே நிற்காது, நிறுத்திக் காட்ட ஒன்றும் இல்லையே.

பஞ்சு குளித்தவர்களின் கடல்

கேப்டனுடைய தாத்தா பஞ்சுப் படகில் வேலை பார்த்தவர். மூழ்குகிறவருக்கு மேலிருந்து காற்று போகும் குழாயைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. குழாய் மடிந்தால் கீழே இருப்பவர் முடிந்தார். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்து கால் விளங்காமல் போனவர்கள் அந்தக் காலத்தில் கரையோர ஊர்களிலெல்லாம் இருந்தார்கள் என்றார். இந்தக் கடலின் அடித்தரையை முதலில் அறிந்தவர்கள் அந்த ஆட்கள்தான், இதை நான் அழுத்தியே சொல்வேன். உலுபுருனுக்கு முன்பு, 1960-ல் கெலிதோனியா முனையில் எடுத்த கப்பலும் பஞ்சு குளிப்பவர்கள் சொல்லித்தான் தெரிய வந்தது. ஆய்வாளர்கள் தாங்களே மூழ்கிக் கடலடியில் முழுமையாகச் செய்த முதல் அகழாய்வு அது. பெயர் வாங்கியது பல்கலைக்கழகங்கள். தகவல் படகில் இருந்து வந்தது.

இன்று சுற்றுலாப் பயணிகள் ஏறும் இந்த மரப்படகு வழக்கமே அவர்களிடமிருந்து வந்ததுதான். 1925-ல் ஒரு கதை எழுதியதற்காக ஜெவாத் ஷாகிர் என்ற எழுத்தாளரைத் துருக்கியின் ஏஜியன் கரையிலுள்ள போத்ருமில் போய் இருக்கும்படி தண்டித்து அனுப்பினார்கள். அப்போது அது யாரும் போகாத மீனவ ஊர். தண்டனையாகப் போனவர், தண்டனை முடிந்த பிறகு தானாகவே திரும்பி வந்து அங்கேயே குடியேறி, ஹாலிகர்நாசஸ் மீனவன் என்று பெயர் வைத்துக்கொண்டார் (ஹாலிகர்நாசஸ் என்பது போத்ருமின் பழைய பெயர்). 1940-களில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு பஞ்சுப் படகுகளில் இந்தக் கரையோரம் போக ஆரம்பித்தார். தளத்திலேயே படுக்கை, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பாடு, ஒவ்வொரு விரிகுடாவிலும் இறங்கி இடிபாடு பார்ப்பது. அதற்கு நீலப் பயணம் என்று பெயர் நிலைத்தது. 1980-களின் நடுவில் கடற்பஞ்சுகளை ஒரு நோய் தாக்கி அழித்தது, செயற்கைப் பஞ்சு ஏற்கெனவே விலையை அடித்திருந்தது. பஞ்சுத் தொழில் படுத்தபோது படகுகளுக்கும் ஆட்களுக்கும் கிடைத்த அடுத்த வேலை, எங்களை மாதிரி ஆட்களை ஏற்றிக்கொண்டு போவது.

கரையில்லாத ஊர்கள்

அப்பெர்லாய் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும், காற்றுக்கு முன் கிளம்ப வேண்டியிருந்ததால் அங்கே அதிக நேரம் இல்லை. படகிலோ நடந்தோ மட்டும் போகக்கூடிய ஊர், அல்லது ஊர் இருந்த இடம். நீளமான விரிகுடாவின் கடைசியில், பழைய துறைமுக மேடை இடுப்பளவு தண்ணீருக்குள் கிடக்கிறது. மேலே மதில்கள். தரையெல்லாம் முட்சங்கு ஓட்டுத் துண்டுகள். ஊதாச் சாயம் எடுக்க இந்தச் சங்குப் பூச்சிகளை உயிரோடு தொட்டியில் வைத்திருந்து உடைத்தார்கள். 1909-ல் ஒரு ஜெர்மன் வேதியியலாளர் 12,000 பூச்சிகளிலிருந்து வெறும் 1.4 கிராம் சாயம் எடுத்தார் என்பதை மகனுக்குச் சொன்னேன். அவன் அப்போது குனிந்து ஒரு கைப்பிடி ஓட்டை அள்ளியிருந்தான். பார்த்துவிட்டு அங்கேயே போட்டான். எடுத்துவரக் கூடாது என்பது அவனுக்குத் தெரியும்.

கெகோவாத் தீவின் வடகரைக்கு வந்தபோது வெளியே காற்று எழுந்துவிட்டிருந்தது. தீவு குறுக்கே படுத்துக்கொண்டு அதைத் தடுத்ததால் உள்ளே ஏரி மாதிரி அமைதி. இந்த இடத்துக்குத்தான் எல்லோரும் வருகிறார்கள். நிலநடுக்கங்களாலும், நிலம் மெல்ல மெல்லத் தாழ்ந்ததாலும் பாதி நீருக்குள் போன ஊர். கி.பி. 141-ல் லிசியா முழுவதையும் ஆட்டிய பெரிய நிலநடுக்கம் வந்தபோது, ரோதியாபோலிஸ் ஊரின் ஒப்ரமோவாஸ் என்ற பெரும் பணக்காரர் எந்தெந்த ஊரைத் திரும்பக் கட்ட எவ்வளவு கொடுத்தார் என்பதைத் தன் கல்லறைச் சுவரிலேயே வெட்டி வைத்திருக்கிறார். கெகோவாவில் நீருக்குள் போனது போனதுதான். பாறையில் நேராக வெட்டிய ஒரு படிக்கட்டு. மேலே சில படிகள் வெயிலில் காய்ந்து, ஓரம் கூர்மையாக, நேற்று வெட்டியது போல. அடுத்த படியில் அலை நக்கிக்கொண்டிருந்தது. அதற்கும் கீழே உள்ள படிகள் பச்சையாகி, கடல்முள்ளிகள் ஒட்டி, மங்கி மங்கி இறங்கின. அந்தப் படி எங்கே போய் நிற்கிறது என்று தெரியவில்லை. ஒரு சுவரில் உத்தரம் சொருகும் சதுரக் குழிகள் வரிசையாக. மாடி இருந்த வீடு.

அங்கே நீந்தத் தடை, நங்கூரம் போடத் தடை. 1990-லிருந்து இது பாதுகாக்கப்பட்ட பகுதி. கேப்டன் எஞ்சினைக் கேட்கவே முடியாத அளவுக்குக் குறைத்து, கரையிலிருந்து ஒரே தூரம் வைத்துக்கொண்டு நகர்த்தினார். எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு பெரிய படகில் பாட்டு நின்றதும் கேட்டது. தீவின் மேற்கு முனையில் தெர்சானே விரிகுடாவில் நீந்தலாம், அங்கே இறக்கிவிட்டார். தண்ணீரில் இறங்கியதும் ஒரு இடத்தில் சட்டென்று பனிக்கட்டிக் குளிர், இரண்டு கை தள்ளினால் மறுபடி வெதுவெதுப்பு. சுண்ணாம்பு மலைக்குள் இறங்கிய மழைநீர் கடலுக்கு அடியில் ஊற்றாக வெளிவருகிறது என்றார் கேப்டன்.

எதிர்க்கரையில் காலேகோய், பழைய பெயர் சிமெனா. சாலை இல்லாத கிராமம், மேலே கோட்டை, கோட்டைக்குள் பாறையைக் குடைந்த ஏழு வரிசைத் திறந்தவெளி அரங்கம். தண்ணீருக்கு நடுவில் ஒரு கல் சவப்பெட்டி தனியாக நிற்கும், எல்லாப் படத்திலும் வருவது அது. சின்னப் படகில் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டு ஒரு அம்மா சுடச்சுட கோஸ்லெமே விற்றார், கீரை வைத்து மடித்த மெல்லிய ரொட்டி. மச்சான் கூடுதலாக ஒன்று வாங்கிச் சாப்பிட்டதைத் தவிர அன்றைய சாப்பாட்டைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

யார் படகு, என்ன படகு

தனிப் படகு என்றாலே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அன்று மாலை திரும்பும்போது ஒரு விரிகுடாவில் பார்த்தேன், மூன்று மாடி உயரத்தில் ஒரு சொகுசுப் படகு, நங்கூரத்தை இழுத்துக்கொண்டிருந்தது, சங்கிலியோடு கூடவே நீளநீளப் பச்சைப் பட்டைகள் கொத்தாக மேலே வந்தன. பொசிடோனியா. பாசி இல்லை, பூக்கும் கடற்புல், இங்குள்ள வகை மத்தியதரைக் கடலில் மட்டும் வளர்வது. மீன் குஞ்சு பொரிப்பதும் மணல் கரையாமல் நிற்பதும் அதன் தயவு. பக்கவாட்டில் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே படரும். ஒரு சங்கிலி ஐந்து நிமிஷத்தில் பெயர்த்ததை மூடப் பல பத்து வருஷம் ஆகும். எங்கள் கேப்டன் ஒவ்வொரு இடத்திலும் நங்கூரம் போடுமுன் படகின் மூக்கில் போய் நின்று கீழே பார்த்தார். கறுப்பாகத் தெரிந்தால் புல், வெளுப்பாகத் தெரிந்தால் மணல். மணலில் மட்டுமே போட்டார். கயிற்றை எடுத்துக்கொண்டு தங்கை மகன் நீந்திப் போய்க் கரைப் பாறையில் கட்டினான். அந்தப் பெரிய படகில் இருந்தவர்களும் தனிப் படகு எடுத்தவர்கள்தான். வித்தியாசம் கேப்டனில் இருக்கிறது, வேகத்தில் இருக்கிறது, சின்னப் படகு என்பதில் இருக்கிறது.

அதனால் யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்கிறேன். இணையத்தில் படகின் படத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். முதல் நாள் மாலை துறைமுகத்துக்கு நடந்து போய், படகுக்காரரோடு உட்கார்ந்து ஒரு டீ குடியுங்கள். அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். எத்தனை பேர், எவ்வளவு பணம் என்பதோடு நிறுத்திக்கொண்டால் வேறு ஆளைப் பாருங்கள். காற்றைப் பற்றிப் பேசினால், உங்கள் பட்டியலில் ஒன்றை முடியாது என்றால், அவரை விடாதீர்கள். கடல் ஆட்டம் ஒத்துக்கொள்ளாதவர்கள் காரில் உச்சாஸ் வரை போய் அங்கிருந்து ஏறுங்கள், உள்கடல் அமைதியாக இருக்கும். ஆனால் உலுபுருன் முனை கிடைக்காது. என்னைக் கேட்டால் வாந்தி எடுத்தாலும் காஷிலிருந்தே போகலாம்.

உலுபுருனில் எடுத்தவை எல்லாம் போத்ருமில், பழைய கோட்டைக்குள் இருக்கும் கடலடித் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. காஷிலிருந்து பஸ்ஸில் பாதி நாள் பயணம், இந்த முறை முடியவில்லை. மச்சான் ஊருக்குப் போன பிறகும் விடவில்லை. போன வாரம் போன் பண்ணியபோது, கடலில் அத்தனை காலம் கிடந்த டின் எப்படி இருக்கும், காப்பர் நிற்கும், டின் நிற்காதே என்று கேட்டார். பல கட்டிகள் சேறு மாதிரி குழைந்து போயிருந்தன என்று படித்திருக்கிறேன், சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படின்னா ஒரு டன்னுங்கறது மிச்சம் கெடைச்சதுங்க மாப்ளே, ஏத்துனது இன்னும் ஜாஸ்தி இருந்திருக்கும்" என்றார். ஆய்வாளர்களும் அதைக் குறைந்தபட்சக் கணக்கு என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அடுத்த ஜூனுக்கு போத்ரும் டிக்கெட் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.